மறதி நோயும் பணியிடமும்: வேலை கொடுப்போர் அறிய வேண்டியவை

ரூபாய்க் கட்டு ஒன்றைக் கையில் வாங்கி விரல் நுனியால் ஒருமுறை விசிறிப் பார்த்த அளவிலேயே, "இதில் ஒன்று குறைகிறது" என்று சொல்லிவிடக்கூடிய தலைமைக் காசாளர் ஒருவர் எங்களோடு பணியாற்றினார். மகாராஷ்டிரத்தின் நகரம் ஒன்றில் உள்ள கிளை அது. மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை அனைவரும் அவரைக் 'காகா' என்றே அழைத்தோம். மராத்தியில் சிற்றப்பனுக்கு வழங்கும் சொல் அது. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் அவருடைய ரொக்கக் கணக்கில் ஒரு ரூபாய் வேறுபாடு வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அவருக்கு 57 வயது நடந்துகொண்டிருந்தபோது சில மாற்றங்கள் தோன்றின. மறதி என்று நாங்கள் முதலில் நினைக்கவே இல்லை. எண்ணிய கட்டை மீண்டும் எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணினார். வரிசை நீண்டது; வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தனர். கணினியில் புதிய திரை ஒன்று வந்தபோது மற்றவர்கள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். அவரோ இரண்டு மாதம் கழிந்தும் எதை அழுத்திய பின் எதை அழுத்துவது என்று பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த இளைஞரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இழுப்பறையில் குறிப்புகள் எழுதிய துண்டுத்தாள்கள் சேர்ந்தன. மதிய உணவுக்கு எல்லாரோடும் அமர்வதை நிறுத்திக்கொண்டார். பிறகு ஒருநாள் மாலை 20,000 ரூபாய் குறைந்தது. தம் கைப்பணத்தைக் கட்டி ஈடு செய்தார். அடுத்த மாதம் 10,000 ரூபாய் கூடுதலாக நின்றது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பப்பட்டது. குடியா, கடன் தொல்லையா என்று கிளைக்குள் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் எங்களுக்கும் பங்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

விளக்கத்திற்குப் பதிலாக அவர் பணிவிலகல் கடிதம் கொடுத்தார். "உடல்நலம் கருதி விலகுகிறேன்" என்று ஒரே வரி. மறுநாள் அவருடைய மகள் கிளைக்கு வந்தார். "அப்பா பொய் சொல்லவில்லை, ஐயா. அவருக்கு நினைவில்லை. வீட்டிலும் இப்படித்தான். உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடப் பார்க்கிறார்" என்றார். அந்த ஒரு கடிதத்தைக் கிளை மேலாளர் மண்டல அலுவலகத்திற்கு அனுப்பியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைப் பின்னர் விளக்குகிறோம். அவர் அனுப்பவில்லை. கடிதத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, "முதலில் மருத்துவரைப் பாருங்கள்" என்றார். நாங்கள் சரியாகச் செய்த முதற் செயல் அதுதான்.

நம் வாடிக்கையாளர்களுள் கடை நடத்துவோர், பட்டறை வைத்திருப்போர், பள்ளி நிர்வகிப்போர், ஏற்றுமதி நிறுவனம் நடத்துவோர் எனப் பிறருக்கு வேலை கொடுப்பவர்கள் பலர். அவர்களுடைய கணக்குப்பிள்ளையோ ஓட்டுநரோ மேற்பார்வையாளரோ இதே நிலைக்கு வரக்கூடும் என்பதனாலேயே இதை இங்கே எழுதுகிறோம்.

டிமென்ஷியாவைத் தமிழில் 'முதுமை மறதி' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அச்சொல் எங்களுக்கு உடன்பாடானதன்று. இது முதுமையில் மட்டும் வருவதும் அன்று. மறதியாக மட்டும் வருவதும் அன்று. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்த முதல் நோயாளி, 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது 51 வயதே ஆன பெண்மணி. இன்றைய கணக்கில் அது பணி ஓய்வுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கும் வயது. 65 வயதுக்கு முன் தொடங்குவதை இளவயதுத் தொடக்கம் என்று மருத்துவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். வயது ஏற ஏற நோய் மிகுதியாகிறது என்பதும் உண்மையே. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆனால் இவர்களைக் கவனித்துக்கொள்ளும் மகனும் மகளும் மருமகளும் காலையில் ஏதோ ஓர் அலுவலகத்திற்குப் போயாக வேண்டியவர்கள். ஆகவே வேலை கொடுப்பவர் முன் வருவது இரண்டு வகை ஊழியர்கள்: நோய் கண்டவர் ஒருவர், நோயாளியைக் காப்பவர் மற்றொருவர். எண்ணிக்கையில் இரண்டாமவரே மிகுதி.

நோயின் முகமும் ஒன்றன்று. அல்சைமர் வகையில் அண்மை நினைவு முதலில் தளர்கிறது. மூளை இரத்தக்குழாய் அடைப்பினால் வரும் வகையில் சிந்தனையின் வேகம் குறைகிறது. திட்டமிட்டுச் செய்யும் ஆற்றல் சிதறுகிறது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் நினைவு நன்றாக இருக்கும், நடத்தை மாறும். பொறுமைசாலியான மேற்பார்வையாளர் பிறரைத் தகாத சொல்லால் வைவார். சிக்கனமானவர் கண்மூடித்தனமாகக் கடன் வாங்குவார். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும் இவ்வகையே பணியிடத்தில் 'ஒழுங்கீனம்' என்று தவறாகப் பதிவாவது. மூன்று குறிப்பாணைகளுக்கும் ஒரு பணிநீக்கத்திற்கும் பிறகுதான் அது நோய் என்று தெரியவரும் குடும்பங்கள் உண்டு.

ஆயினும் மறதியைக் கண்டவுடன் டிமென்ஷியா என்று முடிவு கட்டிவிடுவது இன்னும் பெரிய தவறு. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, உறக்கமின்மை, சில மருந்துகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டதனால் உள்ளே தேங்கிய இரத்தம் ஆகிய இவையெல்லாம் அதே தோற்றத்தைத் தரும். இவற்றுள் பலவும் குணப்படுத்தத் தக்கவை. எங்கள் மற்றொரு கிளையில் 48 வயதுப் பெண் எழுத்தர் ஒருவர், தமக்கு இந்நோய்தான் என்று அஞ்சி ஓராண்டாக எவரிடமும் சொல்லாமல் இருந்தார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பினார். நோயின் பெயரை ஊகிப்பது மேலாளரின் வேலையாகாது. நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ செல்லும்படி தூண்டுவதும், அதற்கான நாளை விடுப்பில் கழிக்காமல் தருவதுமே அவர் செய்ய வேண்டியவை.

தூண்டுவதிலும் ஒரு முறை உண்டு. காகாவைப் பலர் முன்னிலையில், "என்ன காகா, மறுபடியும் மறந்துவிட்டீர்களா?" என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். வேடிக்கையாகத்தான் கேட்டோம். ஒவ்வொரு முறையும் அவர் சற்றே மேலும் ஒதுங்கினார். தனியே அழைத்து, கதவைச் சாத்தி, 'உங்களுக்கு மறதி' என்று சொல்லாமல், 'சென்ற மாதம் இந்த இரண்டு நாள்களில் கணக்கு இப்படி வந்திருக்கிறது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று நிகழ்ந்ததை மட்டும் எடுத்துவைத்துக் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் தம்மிடம் ஏதோ பிசகியிருப்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருப்பார்கள். வேலை போய்விடும் என்ற அச்சமே வாயை அடைக்கிறது. அந்த அச்சம் நீங்கினால்தான் உண்மை வெளிவரும்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்பதை வேலை கொடுப்போர் பலரும் அறியார். நாங்களும் அப்போது அறிந்திருக்கவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் டிமென்ஷியா என்ற பெயர் தனியாக இல்லை. ஆனால் 'மனநோய்' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு, இடம் காலம் அறியும் திறனிலும் நினைவாற்றலிலும் ஏற்படும் கடுமையான சீர்குலைவும் அடங்கும். குறைபாட்டின் அளவை மருத்துவக் குழு மதிப்பிட்டுச் சான்று வழங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கிறது. அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய பணியைச் செய்ய இயலாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படியொரு பணி இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்.

இச்சட்டத்தின் பொருளை விளங்கவைக்கும் இரண்டு தீர்ப்புகளைக் கூற விரும்புகிறோம். முதலாவது 2008ஆம் ஆண்டினது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்தது. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவிக் கம்பியாளராக இருந்தவர் பணியில் இருக்கையில் பார்வை இழந்தார். தமக்கு ஓய்வு தந்து தம் மனைவிக்கு வேலை தருமாறு கடிதம் எழுதினார். வாரியம் முதற் பாதியை ஏற்று அவரை ஓய்வில் அனுப்பியது. அவருடைய உரிமை என்னவென்று அவர் அறியாமல் எழுதிய கடிதத்தைப் பயன்படுத்திக்கொண்டது தவறு, உரிமையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கடிந்தது. அவர் பணியில் தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. இரண்டாவது 2021 டிசம்பரில் வந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை தொடர்பான வழக்கு அது. நடத்தைக்கு மனநலக் குறைபாடே ஒரே காரணம் என்று ஊழியர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அது காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. கணக்கில் பிழை வந்தவுடன் குறிப்பாணையை நீட்டும் எங்களைப் போன்றோர் அத்தீர்ப்பைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இனிக் காகாவின் கடிதத்துக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிமுறைகளின்படி, பணிவிலகல் என்பது அதுவரை செய்த பணிக்காலம் முழுவதையும் இழப்பதாகும். அதாவது முப்பத்திரண்டு ஆண்டு உழைப்புக்கு ஓய்வூதியம் இல்லை. அதே விதிமுறைகளில், உடலோ மனமோ நிலையாகத் தளர்ந்து பணிக்குத் தகுதியற்றவராகும் ஊழியருக்கு மருத்துவச் சான்றின்பேரில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே நாளில் வெளியேறுகிறார். எழுதுகிற காகிதத்தின் தலைப்பு மாறினால் குடும்பத்தின் இருபதாண்டு வருவாய் மாறிவிடுகிறது. தம் நோயினாலேயே அந்த வேறுபாட்டைச் சிந்திக்க இயலாதிருக்கும் ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தை எந்த நிறுவனமும் அவசரமாக ஏற்கலாகாது. குடும்பத்தாரை அழைத்துப் பேசும்வரையேனும் அது இழுப்பறையில் இருக்கட்டும்.

தனியார் நிறுவனங்களை 20ஆம் பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்ற கடமை அவற்றுக்கும் உண்டு. அதைவிடச் சிறு முதலாளிகளுக்கு உடனடியாகப் பயன்படுவது தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், நாம் ஈ.எஸ்.ஐ. என்று அறிவது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதைப் பலரும் அறிவர். நீண்டகால நோய்கள் 34 அடங்கிய பட்டியல் ஒன்று உண்டென்பதும், அவற்றுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு என்ற அளவில் இரண்டாண்டு வரை உதவித்தொகை நீடிக்கலாம் என்பதும், அப்பட்டியலில் மனநோய்ப் பிரிவின்கீழ் டிமென்ஷியா இடம்பெற்றிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டாண்டு தொடர்ந்த காப்பீட்டுப் பணி போன்ற நிபந்தனைகள் உண்டு, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டறியலாம். மாதந்தோறும் சந்தா கட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் ஊழியரைக் கணக்கு முடித்து அனுப்பிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும், பணியின்போது நிலையாக முற்றிலும் இயலாமல் போனவருக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் நிறையாவிட்டாலும் ஓய்வூதியம் உண்டு. பணிக்கொடைக்கான ஐந்தாண்டு நிபந்தனையும் இயலாமை நேர்ந்தவருக்குப் பொருந்தாது.

நோயின் தொடக்க நிலையில் இருப்பவர் பணியில் தொடர முடியுமா? பலரால் முடியும்; சில மாதங்கள், சிலரால் சில ஆண்டுகள். என்ன பணி என்பதைப் பொறுத்தது. கொதிகலன், கடைசல் இயந்திரம், வாகனம் ஓட்டுதல், தனிப்பொறுப்பில் ரொக்கம் ஆகியவற்றிலிருந்து உடனே விலக்க வேண்டும். அதில் தயவு தாட்சணியம் கூடாது. மற்றவற்றில் வேலையைச் சிறு கூறுகளாக்கினால் போதும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. வாய்மொழியாக நான்கு கட்டளை இடாமல் தாளில் வரிசையாக எழுதித் தருதல். இருக்கையையும் மேசையையும் மாற்றாதிருத்தல். சத்தமும் நடமாட்டமும் குறைந்த மூலை. புதிய மென்பொருளைப் பழகச் சொல்லாதிருத்தல். களைப்பு ஏறுமுன் முடியும்படி முற்பகலில் முக்கிய வேலை.

காகாவை நாங்கள் ரொக்கத்திலிருந்து எடுத்து, பழைய ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கும் பணிக்கு மாற்றினோம். சம்பளம் குறையவில்லை. நல்ல ஏற்பாடு என்று எண்ணினோம். ஆனால் ஆவண அறை கிளையின் பின்புறத்தில், சாளரமற்ற அறை. முப்பது ஆண்டு மனிதர்களோடு பேசியே பழகியவரை நாங்கள் தனிமையில் அடைத்துவிட்டோம். இரண்டு வாரத்தில் அவர் மேலும் சோர்ந்தார். அவருடைய மகள் சுட்டிக்காட்டிய பின்பே எங்களுக்கு உறைத்தது. பிறகு அவரை முன்கூடத்தில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் அருகே, மற்றோர் ஊழியருக்குப் பக்கத்தில் அமர்த்தினோம். புத்தகத்தை வாங்குவது, அச்சிட்டுத் தருவது, வயதானவர்களுக்குப் படிவம் காட்டுவது என்று எல்லாமே ஒரே வகையான வேலை. பழைய வாடிக்கையாளர்களின் பெயரையும், அவர்கள் தந்தையின் பெயரையும்கூட அவர் பிசகாமல் சொன்னார். அண்மையில் நடந்தது கலைகிறபோதும் பழையது நெடுநாள் நிற்பது இந்நோயின் இயல்பு. அங்கே அவர் பதினான்கு மாதம் பணியாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலாளரும் மகளும் அவரும் அமர்ந்து, இன்னும் தொடரலாமா என்று பேசினார்கள். கடைசிக் கூட்டத்தில், போதும் என்று அவரே சொன்னார்.

செய்தியை யாரிடம் சொல்வது என்பதில் இன்னொரு பிழை செய்தோம். நல்லெண்ணத்தோடுதான், கிளை முழுவதற்கும் ஒரே நாளில் அறிவித்தோம். அவரைக் கேட்கவில்லை. மருத்துவச் செய்தி அவருடைய உடைமை. உடன் அமர்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் மட்டும், அவர் ஒப்புதலோடு சொல்லியிருந்தால் போதுமானது.

காப்பவராக இருக்கும் ஊழியரின் நிலை வேறு. அவர் உடல்நலத்தோடு இருக்கிறார். ஆகவே அவருக்கு எதுவும் தேவையில்லை என்று தோன்றும். டிமென்ஷியா நோயாளிகள் பலருக்குப் பிற்பகல் சாயும் வேளையில் பதற்றம் கூடுகிறது. இருக்கும் வீட்டிலேயே, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று புறப்பட்டுவிடுவார்கள். காப்பவருக்கு மாலை ஐந்து மணி என்பது அலுவலகத்தில் இருக்க முடியாத நேரம். பெங்களூருவில் ஆயத்த ஆடை அலகு நடத்தும் நம் வாடிக்கையாளர் ஒருவர், மாமியாருக்கு இந்நோய் உள்ள தையல் மேற்பார்வையாளர் ஒருவருக்குக் காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று என்று பணிநேரத்தை மாற்றித் தந்தார். 'வேண்டும்போது வந்து போ' என்ற தளர்ந்த ஏற்பாட்டை அப்பெண்மணி விரும்பவில்லை என்றும், நிலையான நேரத்தையே கேட்டார் என்றும் அவர் எங்களிடம் கூறினார். காரணம் எளிது. பகலில் பார்த்துக்கொள்ள அமர்த்தும் ஆளுக்கு நிலையான நேரம் சொல்ல வேண்டும். கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தையற்கூடத்திற்குள் செல்லும் விதியிலிருந்தும் அவருக்கு விலக்கு தந்தார். ஒரு காசும் செலவாகாத சலுகை. அனுபவமிக்க மேற்பார்வையாளர் ஒருவரை இழக்காமல் இருந்ததே தமக்குப் பெரிய ஆதாயம் என்பது அவர் கணக்கு.

பெற்றோரைக் கவனிப்பதற்கென்றே தனி விடுப்பு மத்திய அரசு ஊழியர்களுக்கும் இல்லை. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு முதலியவற்றை அதற்கும் பயன்படுத்தலாம் என்று 2025இல் நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. குறைபாடு உடைய பெற்றோர், துணைவர் முதலியோரைப் பேணும் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்ற ஆணை 2018இல் வெளியானது. இடம் மாறினால் நோயாளி மேலும் குழம்புவார் என்பதால், இடமாற்றமே வாழ்க்கையாகிவிட்ட எங்கள் துறையில் இதன் அருமை புரியும். அசாம் மாநிலம் 2017இல், பெற்றோரைக் கைவிடும் அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து அப்பெற்றோருக்கே தரும் சட்டம் இயற்றியது. சம்பளத்தைப் பிடிப்பதற்குக் காட்டும் ஊக்கத்தை மாலை இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பதற்கும் காட்டினால் கைவிடுவோர் தொகை குறையும் என்பது எங்கள் எண்ணம்.

பணம் தொடர்பாகச் சொல்ல வேண்டியவை எங்கள் தொழிலோடு ஒட்டியவை. நோய் உறுதியான ஊழியருக்கு முதலாளி சொல்லத்தக்க மிகப் பயனுள்ள அறிவுரை, 'தெளிவு இருக்கும்போதே வங்கிக்குச் சென்று வாருங்கள்' என்பதாகும். பலரும் பொது அதிகாரப் பத்திரம் எழுதி மகனிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழக்கும்போது அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக எழுதினாரோ அந்த நாளில் அது செல்லாது. அதன்பின் குடும்பத்தார் காப்பாளராக நியமனம் பெற நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். பலர் உயர் நீதிமன்றம் வரை செல்கிறார்கள். இதைத் தவிர்க்க, தெளிவு இருக்கையிலேயே சம்பளக் கணக்கையும் வைப்புகளையும் துணைவரோடு 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கலாம், நியமனதாரரைப் பதிவு செய்யலாம், உயில் எழுதலாம். ஏ.டி.எம். அட்டையின் அன்றாட வரம்பைக் குறைக்கலாம். தொலைபேசியில் கடவுஎண் கேட்டு ஏமாற்றுவோருக்கு இவர்கள் எளிய இரை என்பதால், பெருந்தொகையை நிலை வைப்பில் மாற்றி, அன்றாடக் கணக்கில் சிறிதளவே வைப்பது நல்லது.

வருமான வரியில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள டிமென்ஷியாவின் மருத்துவச் செலவுக்கு 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகனாயின் 1,00,000 ரூபாய் வரையும் கழிவு பெறலாம். நரம்பியல் வல்லுநரின் சான்று வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் எந்த வரிமுறை என்று ஊழியரிடம் கேட்கும்போதே சம்பளப் பிரிவினர் இதை நினைவூட்டலாம்.

நிறுவனத்தில் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துவோர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு செவித்திறனையும் சேர்த்துக்கொள்ளலாம். தவிர்க்கத்தக்க காரணிகள் 14ஐயும் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆய்வுக் குழு 2024இல் மதிப்பிட்டது. இம்மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவை. தறியும் சுத்தியும் இரையும் கூடங்களில் செவிக்கவசம் தருவது இதற்கும் உதவுகிறது.

வழி தெரியாத குடும்பத்தாருக்கு 1992இல் கேரளத்தில் தொடங்கி இன்று பல மாநிலங்களில் கிளைகள் கொண்டுள்ள இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் வழிகாட்டுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கான சிறப்புப் பிரிவு உண்டு. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன் 14567. இரண்டும் கட்டணமற்றவை. இவற்றை ஊழியர் அறையின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஒரு சுண்ணக்கட்டி போதும். கேட்க வெட்கப்படுகிறவர் கேட்காமலேயே குறித்துக்கொள்வார்.

காகாவுக்கு இயலாமை ஓய்வூதியம் வழங்கப்பட்டது. இப்போது அவர் கிளைக்கு வருவதில்லை; நவம்பர் மாதந்தோறும் உயிர்வாழ்வுச் சான்றுக்காக எங்களுள் ஒருவர் அவர் வீட்டுக்குச் செல்கிறார். சென்ற முறை போனபோது பழைய நாளிதழ்களைச் சிறு தாள்களாகக் கிழித்து, நூறு நூறாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுங்கள், கட்டு முடியட்டும்" என்றார். அவர் எண்ணி முடித்து ரப்பர் வளையம் போடும்வரை எங்கள் ஊழியர் காத்திருந்தார்.